சொந்த வினவல் ஷெல்லை எடுத்துவிட்டு பைத்தான் கன்சோல் வைக்கலாமா?

பினாங்கிலிருந்து நீங்கள் கேட்டது இது. கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பதிவேடு போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருக்கிறது. அதற்கு மேல் பத்து ஆண்டுக்கு முன் ஜாவாவில் எழுதிய சொந்த வினவல் ஷெல் ஒன்று, அதாவது கட்டளையைத் தட்டி விடை பெறும் திரை, ஓடுகிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக ஒரு நிபந்தனை சேர்ப்பதென்றாலும் கட்டளையைப் பிரித்துப் படிக்கும் பார்சரைத் திறக்க வேண்டியிருக்கிறது. மூன்று நிரலாளர்களும் பதினைந்து அலுவலக ஊழியர்களும் அதைத்தான் தினமும் பயன்படுத்துகிறார்கள். அதைத் தூக்கிவிட்டு, பைத்தான் மொழியையே வரி வரியாகத் தட்டும் கன்சோல் வைக்கலாமா, இல்லை ரூபியா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு மொழி எது என்பது இதில் சின்னக் கேள்வி. அந்த ஷெல் பத்து ஆண்டாகச் சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகளில் எவை பார்சரோடு சேர்ந்து காணாமல் போகும், அவற்றை யார் திரும்பக் கட்டுவது என்பதுதான் பெரிய கேள்வி.

சுருக்கமாக: மூன்று நிரலாளர்களுக்குப் பைத்தான் கன்சோல் கொடுங்கள், தயங்க வேண்டாம். பதினைந்து ஊழியர்களுக்குக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு வேண்டியது தேடும் படிவமும் நாலைந்து தயார் அறிக்கைகளும்தான். அடைப்புக்குறியை மூட மறந்தால் மூன்று புள்ளியைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கிற திரை, முகப்பில் உறுப்பினரை நிற்க வைத்துக்கொண்டு வேலை செய்பவருக்கு உதவாது.

இந்த மாற்றம் புதிதல்ல. ஹெச்பேஸ் என்ற தரவுத்தளம் தொடக்கத்தில், வழக்கமான வினவல் மொழியான எஸ்க்யூஎல் போலத் தோன்றும் ஹெச்க்யூஎல் என்ற சொந்த மொழியோடு வந்தது. 2008இல் அதைக் கைவிட்டு, ஜாவாவின் மேல் ஓடும் ரூபியான ஜேரூபியின் ஐஆர்பி கன்சோல் மேல் ஷெல்லைக் கட்டினார்கள். மாங்கோடிபி ஜாவாஸ்கிரிப்டையே ஷெல்லாக வைத்தது. மைஎஸ்க்யூஎல் ஷெல் எஸ்க்யூஎல், ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் மூன்றுக்கும் இடையே மாறிக்கொள்ள விடுகிறது. கசாண்ட்ரா மட்டும் எதிர்த்திசையில் போனது. பழைய கட்டளைக் கருவியை நிறுத்திவிட்டு, எஸ்க்யூஎல் சாயலில் ஒரு வினவல் மொழியையே முன்னால் வைத்தது. ஆகவே எல்லோரும் போகிற பாதை என்று ஒன்று கிடையாது. ஒரு கோட்டை மட்டும் உறுதியாகப் போடலாம்: அடியில் இருக்கும் தரவுத்தளத்துக்கு எஸ்க்யூஎல் தெரியும் என்றால், அந்த எஸ்க்யூஎல்லை மறைத்து இன்னொரு மொழியை மேலே வைக்காதீர்கள். கன்சோலுக்குள் எஸ்க்யூஎல்லுக்கு நேர்வழி ஒன்று திறந்தே இருக்கட்டும். நீங்கள் பராமரிக்க வேண்டாம் என்று விடுவது உங்கள் சொந்த இலக்கணத்தை மட்டும்தான்.

ரூபியா பைத்தானா என்பதற்கு ஒரு சொல். ரூபியில் அடைப்புக்குறி இல்லாமலே செயல்கூறை அழைக்கலாம். அதனால் ஹெச்பேஸ் ஷெல்லில் ஸ்கேன் என்று எழுதி இடைவெளி விட்டு அட்டவணைப் பெயரை மேற்கோளுக்குள் போட்டாலே போதும், பார்க்கவும் கட்டளை போலவே இருக்கும். பைத்தானில் அடைப்புக்குறி கட்டாயம். கைப்பழக்கத்துக்கு ரூபி கிட்டத்தில் நிற்கும். ஆனால் உங்கள் மூவருக்கும் பைத்தான் தெரியும் என்று சொல்கிறீர்கள், அந்தக் காரணம் மற்ற எல்லாவற்றையும் விடக் கனமானது. ஒரு எச்சரிக்கை மட்டும். பழைய ஜாவா வகுப்புகளை அப்படியே பைத்தானிலிருந்து கூப்பிடலாமே என்று ஜாவாவின் மேல் ஓடும் பைத்தானான ஜைத்தான் பக்கம் போகாதீர்கள். அது இன்னும் பைத்தான் 2.7இல்தான் நிற்கிறது, பைத்தான் 2க்கான ஆதரவோ 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஜாவா பக்கத்தில் விட முடியாத கணக்கீடு ஏதும் இருந்தால் ஜேபைப் அல்லது பை4ஜே என்ற இணைப்பு நூலகம் வழியாக இணைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் நேரே போஸ்ட்கிரெஸோடு பேசட்டும்.

கன்சோலுக்குக் கை வைப்பதற்கு முன் கணக்கெடுப்பு. முப்பது நாள் கட்டளை வரலாற்றையும், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் கிரான் அட்டவணைகளையும், பகிர்வு அடைவுகளில் கிடக்கும் ஸ்கிரிப்ட் கோப்புகளையும் திரட்டி, ஒவ்வொரு கட்டளையும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். மனிதர் தட்டியதையும் இயந்திரம் ஊட்டியதையும் தனித்தனியாகப் பிரியுங்கள். இந்த இரண்டையும் கலந்துவிட்டால் பின்னால் வரும் தொல்லை முழுவதும் அங்கேதான் பிறக்கும். இப்படி எண்ணும்போது, ஏராளமான கட்டளைகள் உள்ள ஷெல்லிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மட்டுமே தினமும் ஓடுவது தெரியவரும். அந்தச் சிலவற்றை முதலில் ஒரு சாதாரணப் பைத்தான் நூலகமாக எழுதுங்கள்: இணை, தேடு, எண்ணு, ஒரு உறுப்பினரை எடு, திருத்து. கன்சோல் இந்த நூலகத்தின் மேல் ஒட்டிய மெல்லிய தோலாக இருக்க வேண்டும். தோலுக்குள் தர்க்கம் எழுதிவிட்டால் பத்து ஆண்டு கழித்து இன்னொருவர் இதே கேள்வியோடு வருவார்.

தோலைக் கட்டுவது எளிது. பைத்தானோடு வரும் கோட் தொகுதியில் இன்டராக்டிவ்கன்சோல் என்ற வகுப்பு இருக்கிறது. உங்கள் நூலகத்தின் பெயர்களை ஓர் அகராதியில் போட்டு அதற்குக் கொடுத்தால் கன்சோல் தயார். ஒரு வரி ஓடுவதற்கு முன் ரன்சோர்ஸ் என்ற செயல்கூறு அதைப் பார்க்கும். அதை மேலெழுதி, பின்சாய்வுக் கோட்டில் தொடங்கும் வரிகளை மட்டும் கட்டளையாக எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணைப் பட்டியல், உதவி, எஸ்க்யூஎல் முறைக்கு மாறுதல் போன்ற மூன்று நான்குக்கு இது போதும். அடைப்புக்குறி இல்லாமல் பெயரைத் தட்டினாலே வேலை நடக்கட்டும் என்று ஒரு பொருளைத் திரையில் எழுத்தாகக் காட்டும் ரெப்ர் செயல்கூறுக்குள் வினவலை ஒளித்து வைக்கும் தந்திரம் ஒன்று உண்டு. செய்யாதீர்கள். பிழைதிருத்தியும் லாக் வரியும்கூட ரெப்ரை அழைக்கும். யாரும் கேட்காத நேரத்தில் வினவல் தரவுத்தளத்துக்கு ஓடிப்போகும்.

விடையைத் திரையில் காட்டுவது சிஸ் தொகுதியின் டிஸ்ப்ளேஹுக். இதை மாற்றாமல் விட்டால் முடிவு வரிசைகள் அடைப்புக்குறியும் காற்புள்ளியுமாகக் கொட்டும். மாற்றும்போது நூறு வரிசையோடு நிறுத்தி, இன்னும் இருக்கிறது என்று ஒரு வரி சொல்லச் செய்யுங்கள். ஆனால் திரையில் நிறுத்துவது மட்டும் போதாது. பைத்தானைப் போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் நூலகமான சைகோபிஜி2இன் சாதாரண கர்சர், அதாவது விடையை எடுத்துத் தரும் பொருள், முழு விடையையும் உங்கள் கணினியின் நினைவகத்துக்கு இழுத்த பிறகுதான் முதல் வரிசையையே கையில் கொடுக்கும். நான்கு லட்சம் உறுப்பினரில் அது தாங்கும், பரிவர்த்தனை அட்டவணையில் தாங்காது. பெயர் வைத்த கர்சரைப் பயன்படுத்தினால் வரிசைகள் சர்வரிலேயே இருக்கும், அதன் மேல் சுற்றி வரும்போது 2000 2000ஆக வரும். இன்னொன்று பலர் கவனிக்காதது: கன்சோல் கடைசி விடையை அடிக்கோடு என்ற பெயரில் பிடித்து வைத்திருக்கும். பெரிய விடை ஒன்றை எடுத்துவிட்டு மதிய உணவுக்குப் போனால் திரும்பி வரும்வரை நினைவகம் விடுபடாது. டிஸ்ப்ளேஹுக்கை எழுதும்போதே அந்தப் பிடிப்பை விட்டுவிடுங்கள்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவது டிரான்சாக்‌ஷன். மாற்றங்களை ஒரே தொகுதியாகச் செய்து, கமிட் சொன்னால் மட்டும் நிலைக்க வைக்கும் ஏற்பாடு அது. உங்கள் பழைய ஷெல் ஒவ்வொரு கட்டளைக்கும் தானே கமிட் செய்ததா என்று ஜாவா மூலத்தைத் திறந்து பாருங்கள். அநேகமாகச் செய்திருக்கும். பைத்தானின் தரவுத்தள இடைமுக விதிப்படி ஆட்டோகமிட் தொடக்கத்தில் அணைந்திருக்கும். இதனால் இரண்டு வகையில் அடி விழும். ஒருவர் முகவரியைத் திருத்திவிட்டுக் கன்சோலை மூடுவார், மறுநாள் பழைய முகவரியே இருக்கும். இது கண்ணுக்குத் தெரிகிற அடி. மற்றது தெரியாதது: வெறும் செலக்ட் ஒன்று ஓட்டினாலும் சைகோபிஜி2 ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிடும். கன்சோலைத் திறந்தபடி விட்டுப் போனால் அந்த இணைப்பு டிரான்சாக்‌ஷனுக்குள் சும்மா கிடக்கும். அட்டவணை அமைப்பை மாற்ற வரும் கட்டளை அதற்குப் பின்னால் காத்து நிற்கும், அதற்கும் பின்னால் மற்ற எல்லோரும் வரிசை கட்டுவார்கள். ஐசோலேஷன் நிலையை, அதாவது மற்றவர் மாற்றங்களிலிருந்து பிரித்து வைக்கும் அளவை, உயர்த்தி வைத்திருந்தாலோ, எழுதும் டிரான்சாக்‌ஷன் ஒன்று பாதியில் நின்றிருந்தாலோ, துப்புரவு வேலையான வேக்யூமால் பழைய வரிசைகளை அகற்ற முடியாமல் அட்டவணையும் ஊதிக்கொண்டே போகும். வாசிப்பு இணைப்பில் ஆட்டோகமிட்டைப் போட்டு வையுங்கள்; அதில் பெயர் வைத்த கர்சரை மட்டும் வித்ஹோல்ட் அமைப்போடு திறக்க வேண்டும், இல்லையென்றால் பிழை வரும். எழுதுவதற்குத் தனி இணைப்பு, அதுவும் பைத்தானின் வித் தொகுப்புக்குள் மட்டும், வெளியேறும்போது எத்தனை வரிசை மாறியது என்று காட்டிவிட்டுக் கமிட் கேட்கட்டும். இதற்கு மேல் சர்வரிலும் டிரான்சாக்‌ஷனுக்குள் சும்மா கிடக்கும் இணைப்பைத் துண்டிக்கும் கால வரம்பை அந்த ரோலுக்கு, அதாவது தரவுத்தளப் பயனர் கணக்குக்கு, வையுங்கள். போஸ்ட்கிரெஸ் 9.6 முதல் அந்த வசதி இருக்கிறது. பத்து நிமிடம் நியாயமான தொடக்கம் என்பது என் கணிப்பு, உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோல்-சியும் இதே வகைதான். பழைய ஷெல்லில் அதை அழுத்தினால் வினவல் நின்றிருக்கும், கை அதற்குப் பழகியிருக்கும். சைகோபிஜி2இல் வினவல் சி நூலகத்துக்குள் காத்திருக்கும்போது அழுத்தினால் விடை வந்து சேரும்வரை எதுவும் நடக்காது. ஆள் பொறுமையிழந்து ஜன்னலையே மூடுவார், சர்வரில் வினவல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நூலகத்திலேயே வெயிட் செலக்ட் என்ற காத்திருப்புச் செயல்கூறு இருக்கிறது, தொடங்கும்போது அதைப் பொருத்திவிட்டால் கன்ட்ரோல்-சி உடனே வேலை செய்யும். பொருத்திய பிறகு ஒரு நிமிடம் தூங்கும் வினவல் ஒன்றை ஓட்டி, பாதியில் அழுத்தி, சர்வரின் செயல்பாட்டுப் பட்டியலில் அது மறைந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள்.

இயந்திரம் ஊட்டும் ஸ்கிரிப்டுகளுக்கு வருவோம். ஊடாட்டக் கன்சோலின் இயல்பு, பிழை வந்தால் அதைக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவது. கிரானிலிருந்து குழாய் வழியாக ஊட்டும்போதும் இன்டராக்டிவ்கன்சோல் அப்படியே போகும், கடைசியில் வெற்றி என்று சுழியத்தைத் திருப்பும். இரவு மூன்று மணிக்கு இரண்டாவது கட்டளை தோற்று, மூன்றாவது அந்த அரைகுறை நிலையின் மேல் எழுதியிருக்கும். காலையில் பார்த்தால் எல்லாம் பச்சை விளக்கு. ஹெச்பேஸ் ஷெல்லுக்கும் பிழை வந்தால் சுழியமல்லாத குறியோடு வெளியேறும் தனி முறையைப் பின்னாளில் சேர்க்க வேண்டியிருந்தது. போஸ்ட்கிரெஸின் சொந்த ஷெல்லான பிஎஸ்க்யூஎல்லிலும் பிழையில் நிறுத்தும் மாறியைப் போட்டால்தான் ஸ்கிரிப்ட் நின்று 3 என்ற குறியோடு வெளியே வரும். ஆகவே இரண்டு வாசல் வையுங்கள். உள்ளீடு முனையத்திலிருந்து வருகிறதா என்று தொடக்கத்திலேயே பார்த்து, இல்லையென்றால் முழுக் கோப்பாக ஓட்டி, முதல் பிழையிலேயே நிற்கும் வாசலுக்கு அனுப்புங்கள். இதில் இன்னொரு பழைய பழக்கத்தையும் விட்டுவிடலாம்: ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஷெல்லைப் புதிதாகத் திறந்து மூடும் சுற்று. திறக்க 4 விநாடி ஆகிறதென்றால் 600 பேருக்கு 40 நிமிடம் திறப்பதிலேயே போய்விடும். பைத்தானில் ஒரே இணைப்பில் சுற்றை உள்ளே எழுதிவிடலாம்.

தரவு பக்கத்தில், நம் ஊருக்கே உரிய சில கண்ணிகள் இருக்கின்றன. மலேசிய அடையாள அட்டை எண் 12 இலக்கம், முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு அது சுழியத்தில் தொடங்கும். பழைய ஷெல் எல்லாவற்றையும் எழுத்தாகவே காட்டியிருக்கும். புதிய கன்சோலில் யாராவது சிஎஸ்வி கோப்பைப் பாண்டாஸ் என்ற தரவு நூலகத்தில் திறந்தால் அது எண்ணாக மாறும், 2004இல் பிறந்தவருக்கு 11 இலக்கம்தான் மிஞ்சும், 2000 ஜனவரியில் பிறந்தவருக்கு 9. அலோர் ஸ்டாரின் அஞ்சல் குறியீடு 05000 வெறும் 5000 ஆகிவிடும். கோப்பு வாசிக்கும் செயல்கூறு ஒன்றை நூலகத்தில் எழுதி, அடையாள எண், அஞ்சல் குறியீடு, கைப்பேசி எண் மூன்றையும் எழுத்தாக எடுக்கச் சொல்லிப் பூட்டிவிடுங்கள். பணத்தை டெசிமலாகவே வைத்திருங்கள், மிதவை எண்ணாக மாற்றினால் சென் கணக்கு இடிக்கும்.

டத்தோ பட்டத்தை மலாயில் எழுதும்போது கடைசியில் ஒற்றை மேற்கோள் குறி வரும். பழைய பார்சர் அதை எப்படியோ சமாளித்து வந்திருக்கும். பைத்தானில் பெயரை எஃப்-சரத்துக்குள், அதாவது மதிப்பை நேரே செருகும் சரத்துக்குள், ஒட்டி எஸ்க்யூஎல் கட்டினால், முதல் டத்தோ வந்ததும் வினவல் உடையும். உடைந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். உடையாமல் வேறு அர்த்தத்தில் ஓடுவதுதான் ஆபத்து, மேற்கோள் குறி திறந்துவிடும் அதே ஓட்டை வழியாக அழிக்கும் கட்டளையும் உள்ளே வரும். மதிப்புகளை எப்போதும் அளவுருவாகத் தனியே கொடுங்கள். நூலகச் செயல்கூறுகள் ஒட்டிய சரத்தை ஏற்காதபடியே எழுதினால் இன்னும் நல்லது. அதேபோல ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) உள்ள பெயரைக் கோப்புப் பெயராக வைக்க முயன்றால் சாய்வுக்கோடு அதை அடைவாக்கிவிடும்.

பிறந்த தேதியை நேரத்தோடு சேர்த்துச் சேமித்திருந்தால் இதையும் பாருங்கள். தீபகற்ப மலேசியாவின் நேரம் 1981 இறுதி வரை உலக நேரத்துக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது, 1982 ஜனவரி 1 முதல்தான் எட்டு மணி. பழைய ஷெல் எட்டு மணி என்று நிலையாக வைத்து 1975ஆம் ஆண்டுப் பிறந்த நாளை நள்ளிரவாக எழுதியிருந்தால், கோலாலம்பூர் நேர மண்டலத்தைப் பின்பற்றும் புதிய கன்சோல் அதை முந்தைய நாள் இரவு 11:30 என்று காட்டும். பிறந்த நாள் ஒரு நாள் பின்னால் போய்விடும். அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கத்தோடு ஒப்பிட்டால் எத்தனை பேருக்கு இது நடந்திருக்கிறது என்று ஒரே வினவலில் தெரியும். தமிழ்ப் பெயர் எழுதும் களம் இருந்தால் இன்னொன்று: கொ என்ற எழுத்தில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, ஒப்பீட்டில் வேறு. தேடுவதற்கு முன் இருபக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒருமைப்படுத்திய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பாதுகாப்பு. பழைய ஷெல்லுக்கு அறிக்கை எடுக்கத் தெரியும், வட்டில் உள்ள கோப்பைத் திறக்கத் தெரியாது. அந்த இயலாமையே ஒரு பூட்டாக இருந்தது. பைத்தான் கன்சோல் கிடைத்தவருக்கு அந்தக் கணினியில் அவர் கணக்கால் முடிந்த எல்லாம் முடியும். சில பெயர்களை மறைத்து அதை அடைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பைத்தானிலேயே அப்படியொரு கட்டுப்பாட்டுத் தொகுதி இருந்தது. பாதுகாப்பில்லை என்று 2.3இல் முடக்கி, 3.0இல் நீக்கினார்கள். பூட்டு சர்வரில் இருக்க வேண்டும்: வாசிக்க மட்டும் உரிமை உள்ள ரோல், எழுத வேறு ரோல், வினவல் பதிவு சர்வர் பக்கத்தில். வாசிப்பு மட்டும் என்று டிரான்சாக்‌ஷன் அமைப்பைப் போடுவது கைதவறுதலுக்குத் தடுப்பு, அவ்வளவுதான். பயனரே அதே அமர்வில் அதை மாற்றிவிடலாம். கடவுச்சொல்லைக் கன்சோலில் தட்டினால் வரலாற்றுக் கோப்பில் தங்கும், அதனால் இணைப்பு விவரத்தைத் தனிக் கோப்பிலிருந்து எடுக்கச் செய்யுங்கள். தனிநபர் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. யார் எப்போது எதை எடுத்தார் என்று சொல்ல உங்களிடம் பதிவு இருக்க வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

இதுவரை சொன்னதில் டிரான்சாக்‌ஷன், வெளியேறும் குறி, அளவுரு, ரோல் ஆகியவற்றில் எனக்கு ஐயமே இல்லை. இனிச் சொல்வது கருத்து. இலக்கணத்தைப் பராமரிக்கும் சுமை இறங்கும்போது, பைத்தானின் பதிப்புகளைத் துரத்தும் சுமை ஏறும். மாங்கோடிபியின் புதிய ஷெல் நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கச் சூழல் மேல் கட்டப்பட்டது, 2022இல் வந்த 6.0இல் பழைய ஷெல் வெளியேறியது. பழையதில் தட்டிய சாதாரண முழு எண் மிதவை எண்ணாகச் சேமிக்கப்பட்டது, புதியதில் அதுவே 32 பிட் முழு எண். ஸ்கிரிப்டில் ஓர் எழுத்தும் மாறாமல் தரவின் வகை மாறுகிறது. உங்கள் ஸ்கிரிப்டுகளுக்கும் அப்படி ஒரு நாள் வரும். பதிப்பைப் பூட்டிய தனிச் சூழலில் கன்சோலை வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை உயர்த்துவதை வேலைப் பட்டியலில் எழுதி வைப்பது போதும் என்று நினைக்கிறேன்.

மாற்றத்துக்கு மூன்று மாதம் கொடுங்கள். அந்த மூன்று மாதமும் பழைய பார்சருக்கு ஒரு கடைசி வேலை இருக்கிறது: ஒவ்வொரு கட்டளையையும் ஓட்டியதும், அதற்கு ஈடான பைத்தான் வரியைக் கீழே அச்சிடட்டும். பார்சர் ஏற்கெனவே கட்டளையை மரமாகப் பிரித்து வைத்திருக்கிறது, அந்த மரத்தை வேறு உருவில் எழுதுவது சில நாள் வேலைதான். எந்தக் கையேட்டையும் விட வேகமாக அது சொல்லிக் கொடுக்கும். இரண்டாவது மாதத்திலிருந்து பழைய ஷெல்லின் எழுதும் கட்டளைகளை நிறுத்தி, வாசிப்பை மட்டும் விடுங்கள். முழுவதும் நிறுத்தும் நாளை லாப ஈவு கணக்கிடும் வாரத்தில் வைக்காதீர்கள்.

நீங்கள் எழுதியதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. பழைய ஷெல்லுக்குள் வெறும் வினவல் மட்டும் இருக்கிறதா, இல்லை ஈவுத்தொகை, சந்தா நிலுவை போன்ற கணக்கீடுகளும் பார்சருக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றனவா? இரண்டாவது என்றால் முதல் வேலை அந்தச் சூத்திரங்களை வெளியே எடுத்து, பழைய விடைகளோடு ஒரு ஆண்டுக்காவது வரிசை வரிசையாக ஒப்பிடுவது. கன்சோல் அதற்குப் பிறகுதான். கணக்கெடுப்பு முடிந்ததும் அந்தப் பட்டியலை இங்கே போடுங்கள், எந்தக் கட்டளையை எந்தப் பக்கம் தள்ளலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.